எட்டு மணி மாத்திரை

"நர்ஸம்மா, மாசி முடியறதுக்குள்ள ஏர்வாடிக்கு ஒரு நடை போய்ட்டு வரணும். எப்பவோ நேந்துக்கிட்டது. நீங்களும் கூட வந்தாத்தேன் எனக்கு மனசு ஆறும்."

போனில் இதைச் சொன்ன அம்மா பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவர் மகன் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த மனநல வார்டில் படுத்திருந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் வரும். மாத்திரையில் சந்தேகம் என்றாலும் வரும். ஏர்வாடி தர்காவுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. போய் வந்தவர்களை எத்தனையோ பேரை வார்டில் பார்த்திருக்கிறேன். கணுக்காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எங்கிருந்து வருகிறார்கள் என்று. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் விடியற்காலை பஸ் பிடித்தேன். பரமக்குடியில் தாயும் மகனும் ஏறினார்கள். அம்மாவுக்கு எனக்குப் பின்னால் இடம் கிடைத்தது. சற்று நேரத்தில் என் பக்கத்து இருக்கை காலியானதும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். மகன் எங்களுக்கு முன் இருக்கையில், ஜன்னலோரம். பையை மடியில் வைத்திருந்தான். பையின் வாயில் மஞ்சள் பிளாஸ்டிக் கவர் தெரிந்தது. மாத்திரை அட்டைகளும் ஓ.பி. சீட்டும் அதற்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வார்டில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த வழக்கம் அது: மாத்திரை பெட்டியில் போகக் கூடாது, கையில் வரவேண்டும். பெட்டி தொலைந்தால் தூக்கம் தொலையும். தூக்கம் தொலைந்த மூன்றாம் நாள் நோய் திரும்பி வந்து வாசலில் நிற்கும்.

அவன் பஸ்ஸில் ஏறியதிலிருந்து நான் அவன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விடவில்லை. நடக்கும்போது இரண்டு கையும் வீசுகிறதா, கம்பியைப் பிடிக்கும்போது விரல் நடுங்குகிறதா, கண்ணை இமைக்கிறானா, முகத்தில் சிரிப்பு வந்து போகிறதா. மனநோய்க்கான மருந்து அளவு கூடிப்போனால் உடம்பு மரக்கட்டைபோல் விறைக்கும். முதலில் நிற்பது கைவீச்சுதான். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார். தினமும் நோயாளி கக்கூசுக்கும் கைகழுவும் இடத்துக்கும் நடந்துபோவதைப் பார்ப்பவள் நர்ஸ். அவனுக்கு வலது கையில் லேசான நடுக்கம் இருந்தது. இடது கை நன்றாக வீசியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பரமக்குடி தாண்டியதும் ரோட்டோரம் களங்களில் மிளகாய் காய ஆரம்பித்துவிடுகிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய், உருண்டையாக, கோலிக்குண்டுக்குக் கொஞ்சம் பெரிசாக. தார்ப்பாய் விரித்தும் வெறும் தரையிலும் சிவப்புச் சிவப்பாகக் கிடக்கிறது. பஸ்ஸுக்குள் காரம் ஏறி நாலு பேர் தும்மினார்கள். இந்த மூன்று மாதமும் மிளகாய் கிளறிக் காயவைக்கும் வேலைதான் அவனுக்கு. வெயில் வேலை.

"முகமெல்லாம் கருகிப்போச்சு நர்ஸம்மா, பாருங்க" என்றார் அம்மா.

பார்த்தேன். கன்னத்திலும் மூக்கிலும் சாம்பல் கலந்த கருப்பு. அவன் ராத்திரி சாப்பிடும் மாத்திரை குளோர்புரோமசின். வார்டில் நாங்கள் சி.பி.இசட். என்போம். 1952இல் பாரிஸில் முதன்முதலாக மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. விலை குறைவு, அரசு ஆஸ்பத்திரிகளில் எப்போதும் கிடைக்கும், ராத்திரி தூங்கவைக்கும். ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. டெல்டாவில் நாற்று நடுகிறவர்களுக்கும் இங்கே மிளகாய்க் களத்தில் நிற்பவர்களுக்கும் அதைக் கொடுக்கும்போது, முழுக்கைச் சட்டை போடு, தலையில் துண்டு கட்டு, பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிழலில் இரு என்று யாராவது சொல்ல வேண்டும். சீட்டில் அதை எழுத இடம் கிடையாது. வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னது காதில் விழுந்ததா என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு நோயாளியிடம் அதற்கு ஆறேழு நிமிஷம் ஆகும். அந்த ஆறேழு நிமிஷம்தான் எங்கள் தொழில் என்று நான் நினைக்கிறேன். ஊசி போடுவதை மூன்று நாளில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அமெரிக்காவில் ஹில்டகார்ட் பெப்லா என்ற நர்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிக்கும் நர்ஸுக்கும் நடுவே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அவர் சொன்ன விஷயம். 1948இல் எழுதி முடித்தும் அது வெளிவர 1952 ஆனது. ஒரு டாக்டர் பெயர் சேராமல் நர்ஸ் தனியாக எழுதிய புத்தகத்தைப் போட அன்றைக்குத் தயங்கினார்கள். மருந்து வந்த அதே வருஷம் அந்தப் புத்தகமும் வந்தது. மருந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. புத்தகம் சொன்னது இன்னும் எங்கள் வார்டுகளுக்கு முழுசாக வந்து சேரவில்லை.

ராமநாதபுரத்தில் இறங்கி டீ குடித்தோம். அவன் தன் டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். கீழக்கரை வழியாக ஏர்வாடி போகும் பஸ்ஸில் ஏறியபிறகுதான் அம்மா பழைய கதையை எடுத்தார்.

அவனுக்கு அப்போது இருபத்தைந்து இருபத்தாறு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போனவன், ஒரு நாள் சொல்லாமல் வந்து நின்றான். சுவர் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றான். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். செய்வினை என்று ஒருவர் சொன்னார், கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் ஏர்வாடி. தர்காவுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு ரூம் எடுத்துத் தாயும் மகனும் எட்டு மாதம் இருந்தார்கள்.

"பகல்ல நான் பாத்துக்கிருவேன். ராத்திரிதேன் முடியாது. கண்ணு அசந்தா எந்திரிச்சுக் கடலப் பாக்கப் போயிருவான். நாலு நா அஞ்சு நா ஒருத்தி தூங்காம இருந்தா என்னத்துக்கு ஆவா? பக்கத்து ரூமுக்காரவுக சங்கிலி குடுத்தாக. அவுக மகளுக்குப் போட்டதாம். ராத்திரி மட்டுந்தேன் போட்டேன். விடிஞ்சதும் கழட்டிருவேன்."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். திருப்புல்லாணி வந்தது, போனது. பனைமரங்கள் வரிசையாக நின்றன. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம்.

"அந்தச் சங்கிலி இப்ப எங்கம்மா?"

"வீட்லதேன் இருக்கு. கிடாரிக்குப் போட்டிருக்கேன்."

வார்டுக்கு அவன் வந்தபோது வலது கணுக்காலைச் சுற்றி விரல் அகலத்துக்குப் புண். மேலே பொருக்கு, அடியில் சீழ். கிட்டே போனால் காலை இழுத்துக்கொள்வான். ஆயா இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் கட்டுப் போட்டுவிடலாம், போட்டிருக்கவும் கூடும். நான் முதல்நாள் ஒரு பேசினில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவன் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். கதவை மறைக்காமல் ஒரு ஓரமாக. கதவு மறைந்தால் பயந்த மனிதனுக்கு வழி அடைபட்டதுபோல் ஆகிவிடும். என் பெயரைச் சொன்னேன். "இது உப்புத்தண்ணி. கால்ல ஊத்தினா முதல்ல எரியும், அப்புறம் எரியாது. இன்னிக்கு வேண்டாம்னா நாளைக்குச் செய்யலாம்" என்றேன். அவன் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். சுவர் என்ன சொல்கிறது என்று கேட்டேன். "தொடவிடாதங்குது" என்றான். எனக்கு அது கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது, கேட்டால் பயமாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். சுவர் பேசாது என்று அவனோடு வாதாடவில்லை, பேசுகிறது என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. எட்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். டம்ளரால் தானே தண்ணீரை மொண்டு காலில் விட்டான். எரிந்தது, முகம் சுருங்கியது, ஆனால் விடவில்லை. நான்காம் நாள் காலை என் மடிப்பக்கம் நீட்டினான். பொருக்கு ஊறி உரிந்து வந்தபோது அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் தெரிந்த இடம் ஒரு நெல்மணி அளவு இருந்தது. அன்றைக்கு ராத்திரி மாத்திரையை மறுக்காமல் வாங்கி விழுங்கினான். நாக்கைத் தூக்கிக் காட்டு என்று நான் கேட்பதற்குள் தானே தூக்கிக் காட்டினான்.

இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு வார்டில் கூட்டம் குறைவு, இரண்டு நர்ஸ் இருந்தோம், எனக்கு எட்டு நிமிஷம் கிடைத்தது. கிடைக்காத ஒரு ராத்திரியைப் பற்றியும் அந்த பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். அவர் சங்கிலியைச் சொன்னபிறகு நான் என்னுடையதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது, வேறொரு ஊர். நாற்பத்திரண்டு கட்டில், நைட் டியூட்டியில் நான் ஒருத்தி, ஆயா ஒருவர். புதிதாகச் சேர்ந்த ஒரு மனிதர் கட்டிலிலிருந்து விழுந்து விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "கட்டிடுங்க சிஸ்டர்" என்றார். பேண்டேஜ் துணியை முறுக்கி இரண்டு மணிக்கட்டையும் கட்டில் சட்டத்தோடு கட்டினேன். கட்டினால் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்: விரல் நிறம் மாறுகிறதா, குளிர்ந்திருக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, சிறுநீர் போக வேண்டுமா. எல்லாம் படித்ததுதான். அந்த நேரம் பார்த்து வார்டின் கடைக்கோடியில் ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்தபோது இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தது. இடதுகை வீங்கியிருந்தது. படுக்கை நனைந்திருந்தது. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். கேஸ் ஷீட்டில் "பாதுகாப்புக்காகக் கட்டப்பட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டைவிரல் மரத்துப்போனது தெளிய நாலைந்து வாரம் ஆனது. டிஸ்சார்ஜ் ஆகும்வரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசிக்குக் கையை நீட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் ஒருத்தியாத்தான இருந்திருக்கீக" என்றார். முன் இருக்கையில் மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழக்கரையைத் தாண்டினால் காற்றில் உப்பு தெரிகிறது. ஏர்வாடியில் இறங்கியதும் முதலில் பார்வையில் பட்டவை தர்காவின் மினாராக்கள். மதீனாவிலிருந்து வந்து இந்த மண்ணில் உயிர்நீத்தவர் என்று நம்பப்படும் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது அடங்கியிருக்கும் இடம். பாதுஷா நாயகம் என்கிறார்கள் மக்கள். வாசலுக்குப் போகும் வழி நெடுக எண்ணெய்ப் புட்டிகள், பச்சைப் போர்வைகள், மல்லிகை, ஊதுபத்தி, சர்க்கரைப் பொட்டலம் விற்கும் கடைகள். மலையாளம் கேட்கிறது, நெல்லைத் தமிழ் கேட்கிறது. குங்குமம் வைத்த பெண்களும் சிலுவை டாலர் போட்டவர்களும் முக்காடு போட்டவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு மனசு கலங்கினால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மதம் பார்ப்பதில்லை. திருச்சிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள்தான் அடுத்த மாதம் இங்கேயும் வருகிறார்கள்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் தொழில்காரர்கள் பலர், கோயில் தர்கா என்று சுற்றிக் காலத்தைக் கடத்திவிட்டு வருகிறார்கள் என்று சலித்துக்கொள்வார்கள். நானும் சலித்துக்கொண்டவள்தான். அன்றைக்கு அந்த முற்றத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தலையை விரித்துப் போட்டுச் சுழன்று ஆடிய ஒரு பெண்ணை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. தனக்குள் பேசிக்கொண்டே நடந்த ஒரு பெரியவருக்கு ஒருவர் வழிவிட்டார், இன்னொருவர் வாழைப்பழம் கொடுத்தார். பைத்தியம் என்ற சொல் அந்த முற்றத்தில் என் காதில் விழவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் தினமும் விழும் சொல் அது. கனவில் உத்தரவு வந்தால்தான் ஊருக்குத் திரும்புவது என்று இங்கே மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்க ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் தங்களைப்போல் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. அதற்காகவும்தான் வருகிறார்கள்.

ஆனால் காத்திருந்த இடத்தில்தான் அதுவும் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலானவர்களின் காலில் சங்கிலி. 28 பேர் இறந்துபோனார்கள். தீயைப் பார்த்து எழுந்து ஓடவேண்டும் என்ற புத்தி அவர்களுக்கு இருந்தது. கால்தான் கட்டப்பட்டிருந்தது. 1987ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. உரிமம் இல்லாமல் மனநோயாளிகளை வைத்திருக்கக் கூடாது என்று அதில் இருந்தது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாதமே இங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்களின் பொறுப்பை அரசு ஏற்க வேண்டியதாயிற்று. விடுதி போனது, ஆனால் குடும்பங்கள் வருவது நிற்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் கழித்து வாடகை ரூமில் ஒரு தாய் தன் மகன் காலில் சங்கிலி மாட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

நான் இந்தப் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்: ஓர் ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லாமல் போனால் அங்கே சங்கிலி வந்து நிற்கிறது. விடுதிக்காரரின் பேராசையையும் தாயின் களைப்பையும் என் நைட் டியூட்டியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், மூன்றும் ஒன்றாகாது. இருந்தாலும் மூன்று இடத்திலும் ராத்திரியில் விழித்திருக்க இன்னொரு ஆள் இருந்திருந்தால் கட்ட வேண்டிய தேவை வந்திருக்காது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது 95ஆவது பிரிவு. 97ஆவது பிரிவு இன்னும் நுணுக்கமாகப் போகிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாமல்தான் ஒருவரைக் கட்டலாம், தண்டனையாகக் கட்டக் கூடாது, பணியாளர்கள் போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் கட்டவே கூடாது. அந்தக் கடைசி வரியை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. சட்டம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

இப்போது தர்காவை ஒட்டியே அரசு மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு இருக்கிறது. தவா–துவா என்று அதற்குப் பெயர். மருந்தும் பிரார்த்தனையும். தர்காவுக்கு வருகிறவர்களைத் தடுக்காமல், அவர்கள் வந்த இடத்திலேயே டாக்டரையும் காட்டுவது. அம்மாவும் மகனும் துவா செய்துகொண்டிருந்தபோது நான் மருத்துவம் பார்க்கிற பக்கம் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சின்ன வயது நர்ஸ் ஒருத்தி இருந்தாள். கூட்டம் இருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு ஒரு இளைஞன் வந்தான், கூட அவன் அண்ணன். ஊசியை எடுக்குமுன் அவனை அந்தக் கோடிவரை நடந்து வரச் சொன்னாள். கைவீச்சைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கு புழுப்போல் நெளிகிறதா என்று பார்த்தாள். "ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குறீங்க, எத்தன மணிக்கு முழிப்பு வருது? வெளிக்கு ஒழுங்காப் போகுதா? எடை கூடியிருக்கே, சர்க்கரை பாத்தீங்களா?" பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க தூங்குறீங்களா அண்ணே?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது. ரொம்ப நாளாக அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை என்று தெரிந்தது.

எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ளப் பதினைந்து வருஷம் ஆனது. குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியை மட்டும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவதுதான் நாங்கள் கண்ட ஆஸ்பத்திரி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் மைதானத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களையும் நோயாளியோடு தங்கவைத்தார். நோய் என்ன, மாத்திரை என்ன, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடவே தங்குவதுதான் வழக்கம். இவையெல்லாம் நம் நாட்டில் நடந்தவை. ஏர்வாடி முற்றத்தில் மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்ததும் ஏறக்குறைய இதேதான். மருந்தும், விழித்திருக்க ஓர் ஆளும் மட்டும்தான் அங்கே குறைவாக இருந்தன.

அந்தச் சின்னப்பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். கையை விரித்தாள். "கேக்காதீங்க மேடம். ஆனா நடக்கச் சொல்லாம மட்டும் ஊசி போட மாட்டேன்."

மத்தியானம் அம்மா நேர்த்திக்கடனை முடித்தார். சர்க்கரை வாங்கிப் பங்கிட்டார். தர்கா விளக்கு எண்ணெயை மகன் நெற்றியில் தடவினார், எனக்கும் தடவினார். "மாத்திரையும் கேட்டுச்சு, இவுகளும் கேட்டாக" என்றார். எது குணப்படுத்தியது என்று அவருக்கு வழக்கு இல்லை. எனக்கும் இப்போது இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று மட்டும் கேட்டேன். "அப்படிச் சொன்னா நான் கேப்பனா?" என்றார். அது போதும்.

பிறகு எட்டு மாதம் இருந்த ரூமைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தில் இப்போது மாடி வீடு. கீழே செல்போன் ரீசார்ஜ் கடை. அவர் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்று பார்த்தார். மகன் நிற்கவில்லை. நேராக நடந்து முக்கில் போய் எங்களுக்காகக் காத்திருந்தான்.

சாயந்தரம் கடலுக்குப் போகவேண்டும் என்று அவன்தான் சொன்னான். நாள் முழுக்க அவன் தானாகக் கேட்டது அது ஒன்றுதான். ஆட்டோ பிடித்துப் போனோம். மன்னார் வளைகுடாவில் அலை பெரிசாக இருக்காது, குளம்போலக் கிடந்தது. கரையில் வலை காய்ந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழம்வரை போய் நின்றான். அம்மாவின் உடம்பு விறைத்ததை என் தோள் உணர்ந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவருக்கு அந்தப் பயம் போகவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரம்பட்ட கணுக்காலில் அந்தத் தழும்பு வெளிச்சத்தில் தெரிந்தது. வளையம்போல், சுற்றியிருக்கும் தோலைவிடக் கருப்பாக, கொஞ்சம் பளபளப்பாக. அவன் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ராத்திரி தர்கா பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் இரண்டு ரூம் எடுத்தோம். இட்லி வாங்கி வந்து சாப்பிட்டு முடித்தபோது மணி ஏழரை. அம்மா தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிட்டார். ஏர்வாடியில் அவர் அப்படித் தூங்கி நான் பார்க்க வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டாரோ என்று தோன்றியது. நானும் அவனும் வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். தர்கா விளக்குகள் தெரிந்தன.

"சிஸ்டர்."

"சொல்லுப்பா."

"நீங்க கட்டின ஆளு இப்ப எங்க இருக்காரு?"

பஸ்ஸில் அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"தெரியலப்பா. டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் அப்புறம் ஓ.பி.க்கு வரவேயில்ல."

"தேடலையா?"

"ஒரு கடுதாசி போட்டேன். திரும்பி வந்துருச்சு. அதுக்கப்புறம் தேடல."

அவன் கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பேரு ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருந்தது. சொன்னேன். அப்பா பெயரையும் ஊரையும் கட்டில் நம்பரையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னான். பிறகு மணியைப் பார்த்தான். எட்டு. மஞ்சள் கவரைப் பிரித்து அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். என் தண்ணீர் பாட்டிலைக் கை காட்டிக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.